படுக்கையருகே ஓர் அளவுகோல்

வீட்டுப் பராமரிப்பின் தரமும் பாதுகாப்பும் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு



மக்கள் நல்வாழ்வு பற்றிய ஒரு பொருளில் ஆண்டுதோறும் ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. இந்த ஆண்டுக்கு நான் எடுத்துக்கொண்டது, நோயாளிகளையும் முதியவர்களையும் வீட்டில் வைத்துக் கவனிக்கும் சேவைகளின் தரத்தையும் பாதுகாப்பையும் எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி. பக்கவாதம் வந்தவரை, இடுப்பு எலும்பு முறிந்தவரை, புற்றுநோய் முற்றியவரை, மறதிநோய் பீடித்தவரை “இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி மருத்துவமனை அனுப்பிவிடுகிறது. அதற்கு மறுநாளிலிருந்து அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நம் சமூகம் இன்னும் முறையாகக் கேட்கத் தொடங்கவில்லை.

கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2021-க்கான அரசு மதிப்பீடு அதை 13.6 விழுக்காடு என்கிறது. 16.5 விழுக்காட்டுடன் கேரளம் முதலிடத்தில் நிற்க, அடுத்து நிற்பது நாம்தான். பிள்ளைகள் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கிறார்கள். மருமகளும் வேலைக்குப் போகிறாள். ஆகவே நகரங்களில் “ஆள் வைப்பது” வழக்கமாகிவிட்டது. 12 மணி நேர ஆள், 24 மணி நேர ஆள், ஹோம் நர்ஸ், அட்டெண்டர் என்று ஏஜென்சிகள் அனுப்புகின்றன. ஆள் வைக்க வசதியில்லாத வீடுகளில் மனைவியோ மகளோ மருமகளோ அந்த வேலையைச் சுமக்கிறாள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வீட்டுப் பராமரிப்பின் தரத்தை ஏஜென்சியின் அலுவலகத்தில் உட்கார்ந்து அளக்க முடியாது. படுக்கையருகே போய்த்தான் அளக்க வேண்டும். போகும்போது மூன்று பேரைப் பார்க்க வேண்டும்: படுத்திருப்பவர், வீட்டில் அவரைக் கவனிப்பவர், சம்பளத்துக்கு வந்து கவனிப்பவர். இந்த மூவரில் ஒருவரை வதைத்து இன்னொருவரைக் காக்கும் சேவையைப் பாதுகாப்பான சேவை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வார்டில் இருப்பதும் வீட்டில் இல்லாததும்

மருத்துவமனை வார்டில் ஒரு நோயாளியைப் பல கண்கள் பார்க்கின்றன. ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் வரும்போது செவிலியர்கள் படுக்கை படுக்கையாக நின்று கைமாற்றிக்கொள்கிறார்கள். வார்டு சிஸ்டர் சுற்றி வருகிறார். பயிற்சி மருத்துவர் சீட்டைப் பார்க்கிறார். ஒருவர் மறந்ததை இன்னொருவர் கண்டுபிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் அந்த வாய்ப்பு கிடையாது. இரவு பத்து மணி மாத்திரையைக் கொடுத்தாரா, எந்த மாத்திரையைக் கொடுத்தார் என்பது கொடுத்தவருக்கு மட்டுமே தெரியும். படுத்திருப்பவரோ பல நேரம் வாய் திறந்து சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்.

இதை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்து எழுதியவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். செவிலியம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1859-இல் வெளிவந்தது. அதைச் செவிலியர்களுக்கான பாடநூல் என்று பலரும் நினைக்கிறோம். வீட்டில் பிறர் உடல்நலத்தைக் கவனிக்கும் பொறுப்பில் உள்ள சாதாரணப் பெண்களுக்காகவே அதை அவர் எழுதினார். அதில் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. நாம் அருகில் இருக்கும்போது செய்வது, நாம் இல்லாதபோதும் அப்படியே நடக்கும்படி ஏற்பாடு செய்வது எப்படி என்பதே அதன் பொருள். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எவ்வளவு அன்பும் உழைப்பும் கொட்டினாலும் பயன் கெட்டுவிடும் என்று அவர் எச்சரித்தார். அதே 1859-இல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், மரணப் படுக்கையில் கிடந்த தம் மனைவியைக் கவனித்த மேரி ராபின்சன் என்ற செவிலியரை, ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று பணி செய்யும்படி அமர்த்தினார். இங்கிலாந்தின் மாவட்டச் செவிலியர் முறை அதிலிருந்துதான் வளர்ந்தது.

ஆக, வீட்டுச் செவிலியம் புதிதல்ல. ஆனால் நோயாளிப் பாதுகாப்பு என்ற துறை அண்மைக் காலத்தில் மருத்துவமனைக்குள் வளர்ந்தது. அறுவை அரங்குக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, ரத்த வங்கிக்கு என்று அளவுகோல்களை உருவாக்கினோம். வீட்டு வாசற்படியோடு அவை நின்றுவிட்டன.

தவறு எங்கே நேர்கிறது

கனடாவில் மூன்று மாகாணங்களில் வீட்டுப் பராமரிப்பு பெற்ற 1,200 பேரின் பதிவேடுகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. நூறு பேரை ஓராண்டு கவனித்தால் சுமார் பத்துப் பேருக்கு, நோயால் அல்லாமல் பராமரிப்பின் வழியே, தீங்கு நேர்கிறது. அந்தத் தீங்குகளில் 56 விழுக்காடு தடுத்திருக்கக்கூடியவை. விழுந்து காயப்படுவது, புண்ணில் கிருமி சேர்வது, மன நலிவு, மருந்துத் தவறு ஆகியவை முன்னணியில் நின்றன. பயிற்சி பெற்ற செவிலியர்களும் ஒழுங்கான பதிவேடும் உள்ள நாட்டின் நிலை அது. பதிவேடே இல்லாத நம் வீடுகளில் எதைப் புரட்டிப் பார்ப்பது?

நம் வீடுகளில் நேர்வதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மருந்து. இன்சுலின் நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது. குப்பியில் பரவலாக வருவது ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இருவகை: 40-க்கு உரியதில் சிவப்பு மூடி, 100-க்கு உரியதில் ஆரஞ்சு மூடி. பேனா பழுதாகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து 40-க்கு உரிய சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை மருந்தை எடுத்தால், உடலுக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. இரவில் போட்டால் காலையில் அந்த முதியவர் எழுந்திருக்காமலே போகலாம். குப்பி மருந்தை 100-க்கு உரிய சிரிஞ்சில் எடுத்தாலோ 20 யூனிட்டுக்குப் பதிலாக 8 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், காரணம் யாருக்கும் புரியாது.

அடுத்தது மாத்திரைப் பெட்டி. மருத்துவமனையிலிருந்து வரும்போது புதிய மருந்துச் சீட்டு வருகிறது. பழைய அட்டைகளும் அலமாரியில் இருக்கின்றன. அம்லோடிபின் என்ற ஒரே ரத்த அழுத்த மருந்து இரண்டு நிறுவனங்களின் இரண்டு பெயர்களில் இருந்தால், இரண்டையும் கொடுத்துவிடுகிறார்கள். மூக்குக் குழாய் வழியே கொடுக்க மாத்திரையைப் பொடிக்கிறார்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

குழாய்கள் தனி ஆபத்து. மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். ஊற்றி முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். ஊற்றியவுடன் படுக்கவைத்தால் உணவு நுரையீரலுக்குள் போகும். குழாய் வழியே வரும் சிறுநீரைச் சேர்க்கும் பை எப்போதும் உடலிலுள்ள சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். சக்கர நாற்காலியில் உட்காரவைக்கும்போது அதை மடியில் வைத்துவிட்டால், வெளியே வந்த சிறுநீர் கிருமியோடு உள்ளே திரும்பும். ஆக்சிஜன் வைத்திருக்கும் அறையில் சாமி விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றக் கூடாது. பூஜை அலமாரிக்கு அருகிலேயே கட்டில் போடப்பட்ட வீடுகளில் இதை முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

படுக்கைப்புண்ணைப் பற்றி மாணவியர் கவனமாகக் கேளுங்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கம், முழங்கை, பின்தலை என்று எலும்பு துருத்தும் இடங்களில் தோல் அழுத்தத்தால் சாகிறது. தோல் சிவந்தால் முதல் நிலை என்று பாடநூல் சொல்கிறது. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட வரி அது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ ஊதா நிறத்திலோ தெரியும். தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். கண்ணால் மட்டும் பார்ப்பவர் தவறவிடுவதைக் கையால் தொட்டுப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். 1987-இல் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் அமைத்த அளவுகோல் ஒன்று உண்டு. உணர்வு, ஈரம், நடமாட்டம், புரளும் திறன், உணவு, உராய்வு என்ற ஆறுக்கும் மதிப்பெண் போடுகிறது. மொத்தம் 23. மதிப்பெண் 18-க்கு இறங்கினாலே எச்சரிக்கை. போட ஐந்து நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

கடைசியாக, பேச்சில் வராத தீங்குகள். குழாயைப் பிடுங்குகிறார் என்று கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டிவிடுவது. மறதிநோய் உள்ளவர் இரவெல்லாம் நடக்கிறார் என்று தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பது. டயப்பர் செலவாகும் என்று ஈரத்திலேயே விடுவது. அடிக்கடி சிறுநீர் போகிறார் என்று தண்ணீரைக் குறைப்பது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குளிப்பாட்டுவது. வெளியே காயம் தெரியாது. ஆனால் இவை ஒவ்வொன்றும் கணக்கில் ஏற வேண்டிய தீங்குகள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பரிமேலழகரும் டொனபீடியனும்

மருத்துவம் நான்கு அங்கங்கள் கொண்டது என்று வள்ளுவர் “மருந்து” அதிகாரத்தின் கடைசிக் குறளில் வகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றோடு, அருகிருந்து கவனிப்பவரையும் நான்காவதாகச் சேர்த்தார். உரையெழுதிய பரிமேலழகர் ஒவ்வோர் அங்கத்துக்கும் நான்கு குணங்கள் வேண்டும் என்றார். கவனிப்பவருக்கு அவர் கேட்கும் குணங்கள் நோயாளியிடம் அன்பு, மனம் மொழி உடல் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறமை, அறிவு ஆகியவை. ஒரு பராமரிப்பாளரை மதிப்பிட இன்றும் இதைவிடச் செறிவான பட்டியல் கிடைக்காது.

மருத்துவத் தரத்தை அளக்கும் இன்றைய துறைக்கு அடித்தளம் இட்டவர் அவெடிஸ் டொனபீடியன். பெய்ரூட்டில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். தரத்தை மூன்று இடங்களில் பார்க்க வேண்டும் என்று 1966-இல் எழுதினார். அமைப்பு: தகுதியுள்ள ஆள் இருக்கிறாரா, கருவி இருக்கிறதா? செயல்முறை: செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய விதத்தில் செய்கிறார்களா? விளைவு: நோயாளி என்ன ஆனார்? வாழ்வின் இறுதியில், தரத்தின் ரகசியம் முடிவில் அன்புதான் என்ற கருத்தையும் அவர் சொல்லிச் சென்றார்.

அன்பை முதலில் வைப்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். அன்போடு நின்றுவிடவில்லை என்பதிலும் ஒன்றுபடுகிறார்கள். சிவப்பு மூடிக்கும் ஆரஞ்சு மூடிக்கும் உள்ள வேறுபாட்டை அன்பு சொல்லித் தராது. அறிவு சொல்லித் தரும். அதை ஒவ்வொரு நாளும் தவறாமல் செய்ய வைப்பது, சொன்னபடி செய்யும் திறமை. அன்பை அளக்க முடியாது என்று சொல்லி எதையுமே அளக்காமல் விடுகிறோம். மற்ற மூன்றையும் அளக்கலாம். அவற்றை அளந்தாலே அன்பு இருக்கும் இடமும் இல்லாத இடமும் தெரிந்துவிடும்.

இன்று நம் ஏஜென்சிகள் காட்டுவது அமைப்பை மட்டும்தான். சீருடை, அடையாள அட்டை, கைப்பேசிச் செயலி, சான்றிதழ். அதிலும் குழப்பம். மூன்றாண்டு பட்டயம் படித்த செவிலியர், நான்காண்டு பட்டம் படித்த செவிலியர், சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளர், எந்தப் பயிற்சியும் பெறாமல் வந்தவர் என நால்வரையும் “நர்ஸ்” என்ற ஒரே பெயரில் அனுப்பிவிடுகிறார்கள். செவிலியர் என்றால் மாநிலச் செவிலியர் குழுமத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்கும் குடும்பங்கள் மிகச் சில. ஹோட்டலின் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சாப்பாட்டுக்கு மதிப்பெண் போடுவதைப் போலத்தான் இப்போதைய மதிப்பீடு இருக்கிறது.

அளந்து பார்த்த நாடுகள்

அளக்கத் தொடங்கிய நாடுகளிடமிருந்து கற்க நிறைய உண்டு. இங்கிலாந்தில் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற பராமரிப்பைச் செய்யும் எந்த நிறுவனமும், 2009 முதல் இயங்கும் பராமரிப்புத் தர ஆணையத்திடம் பதிவு செய்தாக வேண்டும். ஆணையம் ஐந்து கேள்விகள் கேட்கிறது. பாதுகாப்பாக இருக்கிறதா, பயன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, தேவைக்கு ஏற்ப மாறுகிறதா, நல்ல தலைமை இருக்கிறதா? நான்கு நிலைகளில் தரம் தந்து, அதை எல்லோரும் பார்க்க வெளியிடுகிறது. இருந்தும் அங்கே ஒரு நோய் பரவியது. செலவைக் குறைக்கக் கால் மணி நேரப் பார்வைகள் வந்தன. வந்தவர் கோட்டைக் கழற்றுவதற்குள் நேரம் முடிந்துவிடும். 2015-இல் அந்நாட்டின் வழிகாட்டி நெறி, குறிப்பிட்ட நிபந்தனைகள் நிறைவேறினாலன்றி அரை மணிக்குக் குறைந்த பார்வை கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. தரச் சான்று இருந்தால் போதாது, நேரமும் கொடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

அமெரிக்கா விளைவுகளை அளக்க முற்பட்டது. அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் வீட்டு மருத்துவ நிறுவனங்கள் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் ஒரே படிவத்தில் குறிக்க வேண்டும் என்று 1999-இல் விதித்தது. நடை தேறியதா, தானே குளிக்க முடிகிறதா, மீண்டும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்ததா என்ற கணக்குகள் 2003 முதல் நிறுவன வாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. நல்ல முயற்சி. ஆனால் மதிப்பெண் போடுபவர் அந்த நிறுவனத்தின் செவிலியரே. தம் வேலைக்குத் தாமே மதிப்பெண் போடும்போது கை கொஞ்சம் தாராளமாகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. எளிய நோயாளிகளை மட்டும் ஏற்கும் நிறுவனத்தில் படுக்கைப்புண் குறைவாகவே இருக்கும். முற்றிய புற்றுநோயாளிகளை ஏற்கும் நிறுவனத்தில் கூடுதலாக இருக்கும். நோயாளியின் நிலையைக் கணக்கில் எடுக்காமல் இரண்டையும் ஒப்பிட்டால், கடினமானவர்களை ஏற்றவருக்குத் தண்டனையும் தட்டிக்கழித்தவருக்குப் பரிசும் கிடைக்கும்.

மூவரின் பாதுகாப்பு

செப்டம்பர் 17 உலக நோயாளிப் பாதுகாப்பு நாள். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அந்நாளுக்குத் தேர்ந்த கருப்பொருள், மருத்துவப் பணியாளரின் பாதுகாப்பு. பணியாளர் பாதுகாப்பாக இல்லாத இடத்தில் நோயாளியும் பாதுகாப்பாக இருக்க முடியாது என்பதே அதன் சாரம். வீட்டுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

24 மணி நேர ஆள் என்று எவ்வளவு எளிதாகச் சொல்கிறோம். ஒரு மனிதர் 24 மணி நேரம் எப்படி விழித்திருப்பார்? இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றால், அந்தப் பெண் இரவில் எப்போது தூங்குவார்? தூங்காதவர் மறுநாள் இன்சுலினை எப்படி அளப்பார்? எழுபது கிலோ எடையுள்ளவரைத் தனி ஆளாகத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்தவர்கள் எத்தனையோ பேர். பல வீடுகளில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், படுக்கக் கட்டிலுக்குக் கீழே ஒரு பாய். குடும்பம் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது என்பது குடும்பத்துக்கே தெரிவதில்லை. வெளி மாநிலத்திலிருந்து வந்தவராக இருந்தால் மொழியும் துணைக்கு வராது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கொள்கிறது. வீட்டில் வேலை செய்யும் பெண் மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். இதைத் தெரிந்துகொண்டு வேலைக்கு வரும் பராமரிப்பாளர் எத்தனை பேர்?

குடும்பத்துப் பெண்ணின் நிலை வேறு. அவளுக்குச் சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, நன்றிகூடப் பல நேரம் இல்லை. கவனிப்பவரின் சுமையை அளக்க 1980 முதலே ஸ்டீவன் ஸாரிட் அமைத்த கேள்விப் பட்டியல் இருக்கிறது. மருத்துவமனையில் நோயாளியின் சர்க்கரையைக் கேட்கிறோம், அழுத்தத்தைக் கேட்கிறோம். அழைத்துவந்த மகளிடம் “நீங்கள் தூங்குகிறீர்களா?” என்று கேட்பதில்லை. சுமை தாளாமல் போகும் இடத்தில்தான் கடுஞ்சொல்லும் கைநீட்டலும் தொடங்குகின்றன. அந்தக் கேள்வியைக் கேட்பதும் நோயாளிப் பாதுகாப்பில் ஒரு பகுதி.

ஆகவே மதிப்பீட்டுக்குப் போகிறவர் மூவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். மருமகள் எதிரில் மாமியார் குறை சொல்ல மாட்டார். முதலாளியம்மா எதிரில் அட்டெண்டர் வாய் திறக்க மாட்டார். அட்டெண்டர் எதிரில், நாளைக்கு ஆள் வராமல் போய்விடுமோ என்று குடும்பம் வாய் திறக்காது. மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்டால் கிடைக்கும் பதில் “எல்லாம் நல்லா போகுதுங்க” என்பதுதான்.

அரசு வாசலுக்கு வரும்போது

ஆள் வைக்க முடியாத வீடுகளுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் “மக்களைத் தேடி மருத்துவம்” தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டு கொடுக்கிறார்கள். நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் படுக்கையில் இருப்பவர்களைத் தேடிப் போகிறார்கள். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குப் பைகள் வீட்டுக்கு வருகின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகளின் தொற்றாநோய்த் தடுப்புப் பணிக்குழு இத்திட்டத்துக்கு விருது வழங்கியது.

இந்தத் திட்டத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதனால்தான் ஒன்று கேட்கிறேன். எத்தனை வீடுகளுக்குப் போனோம் என்ற எண்ணிக்கையோடு, போன வீட்டில் என்ன மாறியது என்ற எண்ணிக்கையையும் வெளியிட வேண்டும். படுக்கையில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் புண் ஆறியது, எத்தனை பேருக்குப் புதிதாக வந்தது? எத்தனை பேருக்கு வலி தணிந்தது? இந்தக் கணக்கு வந்தால் நல்ல திட்டம் இன்னும் நல்லதாகும்.

பக்கத்தில் கேரளம் காட்டிய வழியும் உண்டு. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் மருத்துவர் சுரேஷ்குமாரும் உடனிருந்தவர்களும் தொடங்கிய வலித்தணிப்புச் சங்கம், தெருவில் உள்ள சாதாரண மக்களைத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்துப் பரவியது. 2008-இல் அம்மாநில அரசு நோய்த்தணிப்புக் கொள்கையை அறிவித்தது. பஞ்சாயத்துகளே செவிலியரை அமர்த்தி வீடுவீடாக அனுப்புகின்றன. அங்கே நான் பெரிதாக மதிப்பது, படுக்கையருகே வெளியாள் ஒருவர் தவறாமல் வருகிறார் என்பதை. அக்கம்பக்கத்தாரின் வருகையே ஒரு பாதுகாப்பு. வார்டில் இருந்து வீட்டில் இல்லாமல் போன அந்த இன்னொரு கண்ணை அவர்கள் ஊர்க்காரர்களைக் கொண்டே ஏற்படுத்திக்கொண்டார்கள்.

செய்ய வேண்டியவை

சட்டம் எங்கே நிற்கிறது? தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இல் வந்தது, விதிகள் 2018-இல் வந்தன. அது கட்டடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா, வீட்டுப் பராமரிப்புச் சேவை தரும் நிறுவனங்களைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கவும் வழி சொன்னது. அது சட்டமாகவில்லை. அதற்காகக் காத்திராமல் நம் மாநிலமே செய்யக்கூடியவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவது, பதிவு. ஒவ்வொரு ஏஜென்சியும் மாவட்ட அளவில் பதிவு பெற வேண்டும். அனுப்பப்படும் ஆளின் உண்மையான தகுதி, அவர் செய்யலாம் என்று அனுமதிக்கப்பட்ட வேலைகள், அவர் கைக்குப் போகும் சம்பளம் ஆகியவற்றை முதல் நாளே குடும்பத்திடம் தமிழில் எழுத்தில் தர வேண்டும். ஊசி போடவும் குழாய் மாற்றவும் பதிவு பெற்ற செவிலியருக்கு மட்டுமே அனுமதி.

இரண்டாவது, முதல் நாள் மதிப்பீடு. படுக்கைப்புண் ஆபத்து, விழும் ஆபத்து, விழுங்கும் திறன், பழைய மருந்தையும் புதிய மருந்தையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் ஆகிய நான்கையும் ஒரு செவிலியர் செய்துவிட்டுத்தான் சேவை தொடங்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். தனியார், அரசு, குடும்பம் என யார் கவனித்தாலும் ஒரே மாதிரியான நோட்டு. எப்போது புரட்டிப் படுக்கவைத்தோம், தோல் எப்படி இருக்கிறது, எவ்வளவு சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார், சிறுநீர் மலம் எப்படி, எந்த மருந்து எப்போது, விழுந்தாரா, விழப் பார்த்தாரா? கட்டிப்போட்டதும் தூக்க மருந்து கொடுத்ததும்கூட அதில் ஏற வேண்டும். நோட்டு கட்டிலின் தலைமாட்டில் இருக்க வேண்டும். ஏஜென்சியின் கைப்பேசிக்குள் அது அடைந்து கிடக்கக் கூடாது.

நான்காவது, வெளியாள் பார்வை. மாதம் ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல் தேர்ந்தெடுத்த சில வீடுகளுக்கு, வீட்டாரின் சம்மதத்தோடு, ஏஜென்சியைச் சேராத மூத்த செவிலியர் ஒருவர் போக வேண்டும். தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், மூவரிடமும் தனித்தனியே பேச வேண்டும். ஏற்கெனவே பளு மிகுந்த அரசுச் செவிலியர் தலையில் இதையும் ஏற்றக் கூடாது. மாவட்டம்தோறும் செவிலியர் கல்லூரிகள் இருக்கின்றன. சமூக நலச் செவிலியம் கற்பிக்கும் ஆசிரியர்களும் இறுதியாண்டு மாணவியரும் இந்தப் பொறுப்பை ஏற்கலாம். அதைவிட நல்ல பாடம் அவர்களுக்கு எந்த வகுப்பறையிலும் கிடைக்காது.

ஐந்தாவது, தவறைச் சொல்பவரைக் காப்பது. மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று உடனே சொல்லும் அட்டெண்டருக்கு வேலை போகுமென்றால், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். நோயாளி செத்தே போகலாம். கைமறதியும் கொடுமையும் வெவ்வேறு. கொடுமைக்கும் திருட்டுக்கும் காவல்துறையும், முதியோர் உதவி எண் 14567-உம் இருக்கின்றன. கைமறதிக்குத் திருத்தமும் பயிற்சியும் வேண்டும்.

ஆறாவது, பராமரிப்பவரின் ஓய்வு. இரவில் தொடர்ந்து தூங்கப் போதிய நேரம், வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, தூக்கும்போது இரண்டாவது ஆள். இந்த மூன்றும் இல்லாத சேவைக்கு எந்தத் தரச் சான்றும் தரக் கூடாது. ஆட்கள் எவ்வளவு அடிக்கடி மாறுகிறார்கள் என்பதையும் ஏஜென்சிகள் வெளியிட வேண்டும். மாதத்துக்கு நான்கு ஆள் மாறும் வீட்டில், அந்த முதியவரின் எந்தப் பக்கம் வலிக்கும் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

அவையோரே, இவற்றில் எதற்கும் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒருவரின் கையும் கண்ணும், ஒரு நோட்டும், கேட்கும் பொறுமையும் போதும். இங்கே அமர்ந்திருக்கும் மாணவியரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் பலர் மருத்துவமனைக்குப் போவீர்கள், பலர் வெளிநாட்டுக்குப் போவீர்கள். போகுமுன் உங்கள் தெருவில் படுக்கையில் இருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். பிரேடன் மதிப்பெண் போடுங்கள். மருந்துப் பெட்டியைச் சரிபாருங்கள். கவனிக்கும் பெண்ணிடம் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். எழுதி வையுங்கள். ஒரு மாவட்டத்தில் ஒரு கல்லூரி இதை ஓராண்டு செய்தால், அரசிடம் தரம் கேட்டுப் போகும்போது நம் கையில் கணக்கு இருக்கும். கணக்கோடு கேட்பவர்களுக்குத்தான் பதில் கிடைக்கும்.